சம்மாட்டியின் பூனைகள்

மீனின் வயிற்றைக் கீறினால், அது கடைசியாக எதைத் தின்றது என்று பார்க்காமல் என்னால் அதைக் கழுவ முடியாது. மற்றப் பெண்கள் இரண்டு கூடை மீனை வெட்டி முடிக்கும் நேரத்தில் நான் ஒன்றோடு மினக்கெட்டுக்கொண்டிருப்பேன். "ஒனக்கு மீன் வெட்டத் தந்தா சோதினை எழுதுற" என்று என் மச்சி, என் கணவரின் தங்கை, சொல்லுவாள். சொல்லட்டும். ஒரு பாரைக்குள் இருந்து முழுக் கணவாய் ஒன்றைச் சேதமில்லாமல் நான் எடுத்திருக்கிறேன். அதைப் பார்க்காமலே குடலோடு காகத்துக்கு எறிகிற சனத்தைப் பற்றி நான் என்ன சொல்ல இருக்கிறது.

ஆலங்குடாக் கரையில், கரைவலை இழுக்கிறவர்களின் வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் நானும் மச்சியும் கருவாடு காயப்போடுகிறோம். வலை, தோணி, வாடி எல்லாம் சம்மாட்டியுடையவை. கயிறு இழுக்க வருகிற அத்தனை பேருக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான். அண்ணன் முறை சொல்லி எல்லாரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். வலையில் வருவதில் நல்ல மீன் லொறியில் போய்விடும். மிஞ்சுகிற சூடை, சாளை, நெத்தலியை நாங்கள் எடுத்துக் காயவைப்போம். எங்களுக்கும் மிஞ்சியது பூனைகளுக்கு.

அந்தப் பூனைகளில் ஒருத்தி சாம்பல் நிறம். சாம்பல் என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். வீட்டுக்கு வரமாட்டாள், ஆனால் நான் கரைக்கு வந்தால் என் பலகைக்குப் பக்கத்தில் வந்து குந்திவிடுவாள். வயிறு இல்லாமல் அவளைப் பார்த்தால் முலை தொங்கிக்கொண்டிருக்கும், முலை வற்றினால் மறுபடி வயிறு இருக்கும். குட்டிகளைக் காகம் தூக்கும், நாய் தூக்கும், சில சும்மாவே செத்துக் கிடக்கும். இவள் எலும்பும் தோலுமாக மறுபடியும் வந்து குந்துவாள். "ஒனக்கு வேற வேலயே இல்லயா?" என்று கேட்பேன். அவளுக்கும் அலுப்பாகத்தான் இருந்திருக்கும்.

வம்பு தொடங்கியது வலையில். இரவில் வலையைக் குவித்துத் தார்ப்பாயால் மூடிவைப்பார்கள். வலையின் கடைசியில் மீன் வந்து சேருகிற பையை மடி என்பார்கள். நெருக்கமான கண்ணிகளோடு மெத்தை போலக் கிடக்கும். சாம்பல் அதற்குள் போய்ப் படுத்துக் குட்டி போட்டுவிட்டாள்.

அன்றைக்கென்று கரைக்கு மிகக் கிட்டத்தில் மீன் கூட்டம் வந்து, தண்ணீர் கறுத்துக் கிடந்தது. ஆட்கள் ஓடி வந்து வலையைத் தோணியில் ஏற்றுகிறார்கள், மடியைத் தூக்கினால் உள்ளே கீச் கீச் என்று சத்தம். ஒருவர் குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப் பார்த்தார். சாம்பல் அவருடைய கையைக் கிழித்துவிட்டாள். குட்டிகளை எடுத்து, வலையைச் சரிப்படுத்தித் தோணி தண்ணீரில் இறங்கும்போது கறுப்பும் இல்லை, மீனும் இல்லை. பக்கத்து வலைக்காரன் வளைத்துவிட்டான்.

சம்மாட்டி கத்தவில்லை. கத்தியிருந்தால் பயமில்லை. "காத்து மாறி வலைய ஏத்தி வைக்கிற அண்டைக்கு இந்தக் கரையில ஒரு பூனயும் நிக்கப்படாது. அவ்வளவையும் சாக்குல கட்டி மணல்திட்டுக்குக் கொண்டுபோய் விடுங்க" என்றார்.

மணல்திட்டு, கடல்நீர் தேங்கிய களப்புக்கு நடுவில் இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. மீன்பிடிக்க ஆட்கள் போகாத மாதங்களில் அங்கே நண்டைத் தவிர ஒன்றும் அசையாது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"நானா, சாக்குல அள்ளிக் கொண்டுபோய் வேற இடத்துல எறக்கி விட்டா, அது ஊராகிடுமா?"

கேட்ட பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். கயிறு பிடித்து நின்றவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே சிறுவயதில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுத் தோணியில் வந்து இறங்கியவர்கள். சம்மாட்டி இந்த ஊர்க்காரர். அவர், "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முடிவை மட்டும் மாற்றவில்லை.

என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். அதிகம் கதைக்க மாட்டார். ஆனால் ஊரில் நடக்கிற எல்லாம் அவருடைய பின் சீட்டில் ஏறி இறங்கும். எத்தாளைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நாய் பூனைகளுக்குக் குட்டி போடாமல் ஒப்பரேசன் செய்யப் போகிறார்கள், விசர் நாய்க்கடிக்கான தடுப்பூசியும் சேர்த்துப் போடுவார்கள் என்ற செய்தியை அவர்தான் கொண்டுவந்தார். குட்டியே போடாவிட்டால் சம்மாட்டிக்கு என்ன சண்டை? எனக்கு அன்றைக்கே தலைக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

மார்க்கத்தில் இது சரியா என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டுவரச் சொன்னேன். கேட்டுவந்து, "வேணாம் எண்டு சொல்ற ஆலிம்களும் இரிக்காங்களாம், நன்மை இரிந்தாச் செய்யலாம் எண்டு சொல்றவங்களும் இரிக்காங்களாம்" என்றார்.

"அவர் என்ன சொன்னாரு?"

"வதைக்காமச் செய்யச் சொன்னாரு. பொறந்து பொறந்து சாகுறதும் வததானே எண்டாரு."

எனக்கு அது போதும்.

பூனை பிடிப்பது மீன் பிடிப்பது மாதிரி இல்லை. இரண்டு பிளாஸ்டிக் மீன்கூடைகளை வாயோடு வாய் வைத்து வலை நூலால் கட்டினால் ஒரு கூடு. உள்ளே ஒரு சாளை. பெரும்பாலான பூனைகள் அதற்கே விழுந்துவிட்டன. முகம் முழுக்கக் கீறலும் ஒரு காதில் கிழிசலுமாகத் திரிந்த செவலைக் கடுவன் மட்டும் சாளையைத் தொடவில்லை. மச்சி ஒரு துண்டு இறால் வைத்தாள். "சம்மாட்டிக்குத் தம்பி போல" என்றாள். சாம்பலைப் பிடிக்கக் கூடை தேவைப்படவில்லை. தூக்கினேன், வந்தாள். நாலு குட்டிகளில் இரண்டுதான் அதுவரை தேறியிருந்தன. அவற்றையும் அவளோடு ஒரு பெட்டியில் வைத்தேன்.

மண்டபத்தில் இருந்த டொக்டர் சிங்களப் பெண், ஆனால் நன்றாகத் தமிழ் கதைத்தார். முதலில் சாம்பலைத்தான் மேசையில் வைத்தேன். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அக்கா, இது பால் குடுக்கிறது. குட்டி ரெண்டும் ரொம்பச் சின்னது. இப்ப வேணாம். அதுகள் சாப்பிடப் பழகின பிறகு, அடுத்த முறை கொண்டு வாங்க."

எனக்கு முகம் செத்துவிட்டது. யாருக்காக இவ்வளவு பாடும் பட்டேனோ, அவளுக்கே இல்லை. ஆனால் மற்றவை கூடைக்குள் கத்திக்கொண்டிருந்தன. வந்தது வந்தாயிற்று, அவற்றுக்காவது நடக்கட்டும் என்று கொடுத்தேன்.

பிறகு எனக்குள் இருக்கிற அந்தப் பழைய வியாதி தலைதூக்கியது. கதவோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். டொக்டர் கவனித்துவிட்டு, "பயமில்லை எண்டால் வாங்க" என்று வாய்க்குக் கட்ட ஒரு துணி தந்தார். எனக்கா பயம்? தினம் நூறு வயிறு கீறுகிறவள் நான்.

மயங்கிக் கிடந்த ஒரு பெண்பூனையின் வயிற்றில், என் பெருவிரல் நகம் அளவு ஒரு வெட்டு. அதற்குள் இருந்து ஒரு சின்னக் கொக்கியால் எதையோ இழுத்து எடுத்தார். மரக்கிளையில் வருகிற கவை மாதிரி, இரண்டு பக்கமும் பிரிந்த இளஞ்சிவப்பு நூல். முனைகளில் அரிசி அளவில் இரண்டு மணிகள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன்.

"இவ்வளவுதான். இதால்தான் அவ்வளவு குட்டியும்."

எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. இவ்வளவு சின்ன ஒன்று, ஒரு உடம்பை அப்படி ஓட ஓட விரட்டி மெலியவைக்கிறது. கேள்விகள் தன்பாட்டில் வந்தன. இது இல்லாவிட்டால் அவளுக்குக் கவலை வருமா? தெரியாது, ஆனால் பிள்ளை இல்லை என்று பூனை யோசிப்பதாக யாரும் காணவில்லை என்றார் டொக்டர். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்காது, சின்ன வயதில் செய்தால் முலையில் கட்டி வருவதும் மிகக் குறைவு என்றார். கடுவனுக்கு என்ன நடக்கும்? பெண் தேடி ஊர் சுற்றாது, சண்டை குறையும், மூலைமுடுக்கெல்லாம் மூத்திரம் அடித்து வைப்பதும் குறையும். "அப்ப எங்கட ஆம்புளைகளுக்கு..." என்று மச்சி தொடங்கினாள். நான் அவளுடைய காலை மிதித்தேன்.

கடைசியாகக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. பூனைகளை அள்ளிக்கொண்டுபோய் எங்காவது விட்டால் கரை சுத்தமாகாதா?

"மீன் வாசம் இருக்கும்வரைக்கும் வேற பூனை வரும் அக்கா. வந்து அதுகளும் குட்டி போடும். இதுகள் நிண்டால் புதுசை உள்ள விடாது. குட்டியும் இல்லை. வருசம் போகப் போகத் தானா குறையும்."

ஒப்பரேசன் முடிந்த ஒவ்வொன்றுக்கும் மயக்கம் தெளிவதற்கு முன் இடது காதின் நுனியைக் கொஞ்சம், நேராக வெட்டிவிட்டார். செய்தது, செய்யாதது தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம், இல்லாவிட்டால் அதே பூனையை மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கீறிவிடுவார்களாம். நல்ல யோசனை என்று தலையாட்டினேன். நான் ஆடு வளர்ப்பதில்லை. அதுதான் பிழை நடந்த இடம்.

எங்கள் பக்கம் ஆடுகள் கட்டில்லாமல் கரையெல்லாம் மேயும். எந்த ஆடு யாருடையது என்பது காதில் இருக்கிறது. ஆடு வளர்க்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வெட்டு. வலது காதில் கவை வைத்து வெட்டினால் ஒரு வீடு, நடுவில் கீறினால் இன்னொரு வீடு, இடது காது நுனியைச் சரிவாக வெட்டினால் வேறொரு வீடு. குறி போட்ட ஆட்டில் யாரும் கைவைக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்கும் பொதுவாகத் தெரியும். யாருடைய குறி எது என்று மட்டும் பார்த்து வைத்ததில்லை. மீனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற எனக்கு, கண்முன்னால் திரிகிற ஆட்டின் காது தெரியவில்லை. மச்சி வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. இடது காது நுனியை நேராக வெட்டினால், அது சம்மாட்டி வீட்டுக் குறி.

எங்களுக்கு நாலாவது வீட்டுப் பெண்ணின் சீலாக் கருவாடு ஒன்றைப் பூனை இழுத்துப் போயிருக்கிறது. அவள் பூனையின் காதைப் பார்த்திருக்கிறாள். நேரே சம்மாட்டி வீட்டுக்குப் போய், அவருடைய மனைவியிடம், "ஒங்கட பூனய ஒங்கட வளவுல வச்சிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் சம்மாட்டியை விடவில்லை. "என்ன நானா, ஆட்டுப் பால் போதாம பூனப் பாலும் கறக்கத் தொடங்கிட்டீங்களோ?"

அவர் என் பலகைக்கு முன்னால் வந்து நின்றபோது கையில் சாரனின் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"எண்ட குறிய யாரக் கேட்டு வெட்டினீங்க?"

"டொக்டர் வெட்டினது நானா. ஒப்பரேசன் செஞ்ச பூன எண்டு தெரியத்தான். எல்லா ஊர்லயும் அப்பிடித்தானாம்."

"அந்த ஊர்ப் பூனகளுக்கு வலது காது இல்லயா?"

இதையும் டொக்டரிடம் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

"வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய எல்லாருக்கும் முன்னால சொல்லப் போறன். இடது காதுல நேர் வெட்டு இரிந்தா அது எண்டது இல்ல. பூனக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அப்ப நானா, ஒங்கட ஆடு ஒண்டு வேற யார்ட பட்டியிலயாவது போய் நிண்டா, ஒங்கடதுதான் எண்டு எப்பிடிக் காட்டுவீங்க? வேற அடையாளம் ஏதும் இரிக்கா?"

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். அப்படி ஒரு அடையாளம் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? போன வருசம்தான் இன்னொருவர் பட்டியில் நின்ற கிடாய் ஒன்றை, பள்ளிவாசல் பெரியவர்களுக்கு முன்னால் காதைத் தூக்கிக் காட்டி மீட்டிருக்கிறார். ஊருக்கு முன்னால் அந்த வெட்டைத் தன்னுடையது இல்லை என்று சொன்னால், பிறகு எந்தக் காதைத் தூக்கிக் காட்டுவது? இதை மச்சி எனக்குப் பிறகுதான் விளக்கினாள்.

"ஒனக்கு வாய் கூடிப்போச்சு புள்ள" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வெள்ளிக்கிழமை என் கணவர் பள்ளியால் வந்ததும் வாசலிலேயே மறித்தேன். "சொன்னாரா?"

"ஒண்டும் சொல்லல்ல. செருப்பப் போட்டுட்டுப் போய்ட்டாரு."

அடுத்த நாள் அந்தச் சீலாக்காரியின் வீட்டுக்கு ஒரு பாரை போயிருந்தது. சம்மாட்டி வீட்டிலிருந்து. "பூன தின்ன கடனச் சம்மாட்டி கட்டுறாரு" என்றாள் மச்சி.

அதன் பிறகு நான் பார்த்தவற்றை யாரிடமாவது சொன்னால் நம்புவார்களோ தெரியாது. முதலில் சத்தம் நின்றது. குழந்தை அழுவது போல அந்தப் பூனைகள் போடுகிற கத்தல் கரையில் இல்லை. செவலைக் கடுவனின் முகத்தில் புண் ஆறி மயிர் முளைத்தது. வாரக்கணக்கில் காணாமல் போகிறவன், வாடி நிழலைவிட்டு நகராமல் தொப்பை வைத்தான். வெள்ளைக்காரர்கள் தங்குகிற கபானாப் பக்கமிருந்து ஒரு கறுத்த கடுவன் வாசம் பிடித்து வந்தது. நான் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். காது வெட்டிய நாலு பேர் எழும்பிப் போய் அதை ஈச்சம் பற்றைவரை துரத்திவிட்டுத் திரும்பி வந்து படுத்தார்கள். டொக்டர் சொன்னது அப்படியே நடந்ததைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை.

சம்மாட்டியும் மாறினார், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். "அந்தச் செவல ஏன் ஒரு காலத் தூக்குறான்?" என்று ஒருநாள் கேட்டார். தொழிலுக்கு முன் மடியைத் தடியால் தட்டிப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. ஒன்றும் இருக்காது. சாம்பலின் குட்டிகள் இரண்டும் வளர்ந்து எத்தாளையில் ஒரு அரிசிக் கடைக்கு எலி பிடிக்கப் போனபின், அவள் சம்மாட்டியின் கயிற்றுக் குவியலில் படுக்கத் தொடங்கினாள். அவர் காலால் ஒரு சூடையை அவள் பக்கம் தள்ளிவிட்டு வேறு எங்கோ பார்ப்பார். ஆனால் மணல்திட்டுப் பேச்சை அவர் திரும்ப எடுக்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

காற்று மாறி, கச்சான் எழும்பியது. அது எழும்பினால் எங்களுக்குத் தொழில் முடியும், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்களுக்குத் தொடங்கும். டொக்டர் அடுத்த முறை வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள் கிடந்தது. வலையை ஏற்றி வைக்கிற அன்று நான் கருவாட்டை வீட்டுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். மச்சி வாசலில் நின்று, "ஒண்ட சாம்பலச் சாக்குல போட்டுட்டாங்க" என்றாள்.

ஓடினேன். தோணிக்குப் பக்கத்தில் கட்டின சாக்கு ஒன்று மணலில் அசைந்துகொண்டிருந்தது. மற்றப் பூனைகள் எல்லாம் வாடி நிழலில் சுகமாகப் படுத்திருந்தன.

"ராத்தா, குறி உள்ளது ஒண்டையும் நாங்க தொடல்ல" என்றார் கயிறு இழுக்கிறவர்களில் மூத்தவர். "இது குறி இல்லாதது. சம்மாட்டி அண்டைக்குச் சொன்னதுதானே."

"பால் குடுத்ததால விட்டது. அடுத்த முறை வெட்டிருவாங்க."

"அப்ப வெட்டினாப் பிறகு சொல்லுங்க."

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. இத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் ஒரு பூனைக்காக எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. இந்தக் கரையில் எல்லாப் பூனையையும் காப்பாற்றிவிட்டு, என் பக்கத்தில் வந்து குந்துகிற ஒருத்தியைத் தோணியில் ஏற்றுகிறேன்.

சம்மாட்டி வந்தார். என்ன என்று கேட்கவில்லை. குனிந்து சாக்கின் முடிச்சை அவிழ்த்தார். சாம்பலின் தலை வெளியே வந்தது. ஆட்டைப் பிடிப்பதுபோலவே, இடது காதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். காது முழுசாக இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

"இதுவும் நம்மடதான்" என்றார். "இன்னும் வெட்டல்ல."

ஒருவன் தன்னுடையது என்று சொன்ன உயிரை, குறி இல்லாவிட்டாலும், எங்கள் பக்கம் யாரும் வழக்காட மாட்டார்கள். மூத்தவர் வெறும் சாக்கை உதறி மடித்தார். சாம்பல் மணலில் குதித்து, யாரையும் பார்க்காமல், கயிற்றுக் குவியலுக்குப் போனாள்.

அடுத்த முறை டொக்டர் வந்தபோது சம்மாட்டி தன்னுடைய வான் வண்டியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். என் கணவர் வண்டியை ஓட்ட, மீன்கூடை சம்மாட்டியின் மடியில் இருந்தது. சாம்பல் வழி நெடுகக் கத்தினாள், அவர் வழி நெடுக "வந்துட்டம், வந்துட்டம்" என்றார்.

"பூனைக்காரர் நீங்களா ஐயா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம்."

வெளியே இருக்கச் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை. நான் போன முறை நின்ற அதே கதவோரத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். தையல் முடிந்தது. டொக்டர் சாம்பலின் இடது காதை நீவிப் பிடித்துக் கத்தரிக்கோலை எடுத்தார். சம்மாட்டி உள்ளே இரண்டு எட்டு வைத்தார்.

"டொக்டர், நேரா வெட்டுங்க. சரிவா வெட்டினா அது வேற ஆள்ட குறி."